ஜோடியைப் பிரிக்கக் கூடாது

என்னை எல்லாரும் மைக்குன்னுதான் கூப்பிடுவாங்க. சின்னவங்களா இருந்தா மைக்கக்கா. என் தொண்டை அப்படி. மெஷின் ஓடற சத்தத்துல பக்கத்துல நிக்கறவ பேசறதே காதுல விழாது, நான் வாயைத் திறந்தா துணி இறக்கற வாசல் வரைக்கும் கேக்கும். சங்கத்துல என்னைக் கமிட்டிக்குப் போட்டதே இந்தத் தொண்டைக்காகத்தான். மூளைக்காகன்னு யாராவது சொன்னா நானே நம்ப மாட்டேன்.

எங்களது சலவைக் கம்பெனி. வீட்டுத் துணி இல்ல, ஓட்டல் துணி. பெட்ஷீட், தலையணை உறை, துண்டு, மேஜை விரிப்பு. நான் இருக்கறது இஸ்திரி செக்‌ஷன். இஸ்திரின்னதும் வீட்டுல இருக்கற பெட்டியை நினைச்சுக்காதீங்க. ஒரு ஆள் கையைக் காலை நீட்டிப் படுக்கற நீளத்துக்கு ரோலர், ஒண்ணு பின்னாடி ஒண்ணா, தொட்டா தோல் ஒட்டிக்கற சூட்டுல சுத்திட்டே இருக்கும். பாதி ஈரத்தோட வர்ற பெட்ஷீட்டை ரெண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையா பிடிச்சு, உதறி, விளிம்பு நேரா இருக்கறப்போ உள்ள விடணும். ஒருத்தி கொஞ்சம் முந்தினாலும் துணி கோணிக்கும். கோணின துணியை இழுக்கப் போய்தான் கை உள்ள போகும். ஒரு தடவை சூப்பர்வைசர் அவன் இஷ்டத்துக்கு ஆளை மாத்திப் போட்டு, ஒரு பொண்ணுக்கு நாலு விரல் போச்சு. அதுலேருந்து எங்க செக்‌ஷன்ல ஜோடின்னா ஜோடிதான். உசரம் பாத்து, கை வேகம் பாத்து அமையறது. கல்யாண ஜோடியெல்லாம் இதுக்கு அப்புறம்தான். என் கல்யாண ஜோடி ஒரு வருஷம்கூட ஓடல, அந்தக் கதையை விடுங்க.

என் ஜோடி என் அண்ணி. புருஷனை விட்டுட்டு நான் அண்ணன் வீட்டுல வந்து நின்னப்போ, "மூலையில உக்காந்து மூக்கைச் சிந்தாம என் கூட வேலைக்கு வா"ன்னு இழுத்துட்டுப் போனவங்க. அதிகம் பேச மாட்டாங்க. எனக்கும் சேத்து அவங்க பேசாம இருக்காங்கன்னு அண்ணன் கிண்டல் பண்ணுவாரு. அண்ணிக்கு வலது தோள்ல வலி. ட்ராலி பக்கம் நிக்கறவளுக்குத்தான் பாரம், குனிஞ்சு குனிஞ்சு ஈரத் துணியை உருவணும். அந்தப் பக்கத்தை நான் எடுத்துக்கிட்டேன். இதை நான் யார்கிட்டயும் சொல்லிக் காட்டினதில்ல. சரி, ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட சொல்லியிருப்பேன்.

அப்புறம்தான் அந்தக் கேடு கெட்ட காலம் வந்துச்சு. எங்க பாத்தாலும் வியாபாரம் படுத்துடுச்சு, கடைங்கல்லாம் பாதி ஷட்டரோட நின்னுச்சு. ஓட்டல்ல ஆள் தங்கினாத்தானே பெட்ஷீட் அழுக்காகும்? பேப்பர்ல பெரிய பெரிய ஆளுங்க என்னென்னமோ விளக்கம் எழுதினாங்க. எங்களுக்கு எந்த விளக்கமும் வேண்டியிருக்கல. முன்னாடி மூட்டை கதவை முட்டிக்கிட்டு வர்ற லாரி, இப்போ காலியா ஆடிக்கிட்டே வந்துச்சு. அண்ணன் ஓட்டல் வண்டி ஓட்டிட்டு இருந்தாரு. அவரை நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அண்ணனுக்கு ரெண்டு பசங்க. அத்தனை பேருக்கும் எங்க ரெண்டு பேர் சம்பளம்தான்னு ஆச்சு.

அப்போதான் மேனேஜர் கமிட்டியைப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டாரு. எங்க மேனேஜர் கத்தவே மாட்டாரு. கத்தற ஆளை நான் ஊதித் தள்ளிடுவேன். மெதுவா, சிரிச்சுக்கிட்டே பேசறாங்க பாருங்க, அவங்ககிட்டதான் எனக்கு வாய் கட்டிக்கும்.

"மூணுல ஒரு ஆளை அனுப்பணும்னு மேலிடத்துல சொல்றாங்க. எனக்கு அதுல இஷ்டமில்ல. நீங்க கொஞ்சம் வளைஞ்சு கொடுத்தீங்கன்னா யாரையும் அனுப்ப வேண்டாம்"ன்னாரு.

"வளையறதுக்கு நாங்க என்ன ரப்பரா?"ன்னு கேட்டேன். அவரும் சிரிச்சாரு. அந்தச் சிரிப்புலயே எனக்கு உறைச்சிருக்கணும்.

வளையறதுன்னா என்னன்னு விளக்கினாரு. தினமும் வேலை கிடையாது. துணி வர்ற அன்னிக்குக் கூப்பிடுவாங்க, வரணும். முடிஞ்சதும் போகணும். வந்த நேரத்துக்குச் சம்பளம். ஆனா யாரோட பேரையும் லிஸ்ட்லேருந்து எடுக்க மாட்டாங்க, எல்லாரும் கம்பெனி ஆளுங்களாவே இருப்பாங்க. எங்க செயலாளர், வாஷிங் மெஷின் பக்கம் வேலை பாக்கறவரு, தங்கமான மனுஷன், தொண்டையைச் செருமிச் செருமி "ஆள் குறைப்பு இல்லங்கறதை உறுதியா எழுதணும்"ன்னாரு. எழுதறேன்னாரு மேனேஜர்.

எனக்கு நாலு விரல் போன அந்தப் பொண்ணு ஞாபகம் வந்துடுச்சு. "இஷ்டத்துக்குக் கூப்பிட்டு இஷ்டத்துக்கு நிக்க வைப்பீங்க. அது நடக்காது. ஜோடியைப் பிரிக்கக் கூடாது. கூப்பிட்டா ஜோடியாத்தான் கூப்பிடணும்"ன்னு மேஜையைத் தட்டினேன்.

மேனேஜர் ஒரு நிமிஷம் யோசிச்சாரு. "நியாயம்தான். பாதுகாப்பு விஷயம். அப்போ ஜோடியில ஒருத்தர் வரலன்னா இன்னொருத்தரை நாங்க தனியா நிக்க வைக்க முடியாது, ஜோடியே வரலன்னுதான் எடுத்துப்போம். சரிதானே?" எல்லாரும் என்னைப் பாத்தாங்க. தப்புன்னு சொல்ல என்ன இருக்கு? நான் சொன்னதைத்தான் அவர் திருப்பிச் சொன்னாரு. செயலாளர் மட்டும், "யாராவது தானாவே ஜோடி மாத்திக்கணும்னா? மனஸ்தாபம் இருக்கும், உடம்பு ஒத்துக்காம இருக்கும்"ன்னாரு. "அவங்களே வந்து வாய்விட்டுக் கேட்டா மாத்திக்கொடுப்போம். நாங்களா பிரிக்க மாட்டோம்"ன்னு மேனேஜர் கை நீட்டினாரு. நாங்களும் கை கொடுத்தோம்.

கேட்டுக்கு வெளிய வந்து நான் சொன்னப்போ பொம்பளைங்கல்லாம் கை தட்டினாங்க. ஒருத்தி என்னைத் தூக்கப் பாத்து ரெண்டு பேரும் விழ இருந்தோம். ஒரு ஆள்கூட வெளிய போகல, ஜோடியும் உடையல. அன்னிக்கு ராத்திரி எனக்கு சாப்பாடே இறங்கல, அவ்வளவு சந்தோஷம். "சாதிச்சுட்டேன் அண்ணி"ன்னேன். "சாப்பிடு முதல்ல"ன்னாங்க அண்ணி.

அதுலேருந்து விடிஞ்சதும் போனுக்கு மெசேஜ் வரும். வந்தா ஓடணும். வரலன்னா வீட்டுல உக்காந்து போனையே முறைச்சுக்கிட்டு இருக்கணும். முதல்ல சரியாத்தான் போச்சு. அப்புறம் ஒருத்தியோட குழந்தைக்குக் காய்ச்சல். அவ வரல, அவ ஜோடியைக் கேட்டோட திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த ஜோடிக்காரி நேரா குழந்தைக்காரி வீட்டுக்குப் போய் வாசல்லயே நின்னு, "உன் குழந்தைக்குக் காய்ச்சல்னா என் குழந்தை பட்டினி கிடக்கணுமா?"ன்னு கேட்டிருக்கா. நேத்து வரைக்கும் ஒரே டப்பாவுல சாப்பிட்டவங்க. மாசமா இருக்கறவ, கால் வீங்கினவ, வீட்டுல படுத்த படுக்கையா ஆள் வெச்சிருக்கறவ, இவங்க ஜோடிங்கல்லாம் ஒவ்வொருத்தரா மேனேஜர் ரூம் வாசல்ல நிக்க ஆரம்பிச்சாங்க. போய் வேற ஜோடி வேணும்னு வாய்விட்டுக் கேட்டா போதுமே. கம்பெனி யாரையும் பிரிக்கல. ஜோடி இல்லாம நின்னவங்களுக்கு மெசேஜ் வராது, அவ்வளவுதான். ஆள் குறைப்பும் இல்ல. அவங்க பேர் அப்படியே இருந்துச்சு, அவங்க மட்டும் வீட்டுல இருந்தாங்க.

எங்க செக்‌ஷன்ல ஒருத்தி, கை அவ்வளவு வேகம், எக்ஸ்பிரஸ்னு பேரு. அவளோட ஜோடி கண்ணாடிக்காரி. சோடாபுட்டிக் கண்ணாடி, விளிம்பு எங்க இருக்குன்னு தடவிப் பாத்துத்தான் பிடிப்பா. எத்தனையோ வருஷமா ஒண்ணா நின்னவங்க. எக்ஸ்பிரஸ் போய் ஜோடி வேண்டாம்னு சொல்லிட்டா. என் மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிச்சுது. கை கழுவற இடத்துல வெச்சு அவளை நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டேன். "நீயெல்லாம் மனுஷியா? அவ கண்ணுக்கு நீதானேடி துணை?"

எக்ஸ்பிரஸ் சோப்பைக் கழுவிட்டே சொன்னா: "நீங்க உங்க அண்ணியை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் ஓட்டறீங்கன்னு நானும் பாக்கறேன்."

ஆமா, எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. அண்ணி தோளோட இனிமே தாங்க மாட்டாங்க, நீ வேற ஆளைப் பாருன்னு. நான் தலைகீழா நின்னாலும் விடமாட்டேன்னேன். என் அண்ணியை நான் விட்டா எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கமிட்டியில உக்காருவேன்? எனக்கு அதுல ஒரு கர்வம்கூட இருந்துச்சு. மறைக்க என்ன இருக்கு.

ஜோடி இல்லாத தனி ஆளுங்க விஷயத்தை நான் கமிட்டியில எடுத்தேன். மேனேஜர் மறுக்கவே இல்ல. "பேசலாம், தாராளமா பேசலாம்"ன்னு தேதி கொடுத்தாரு. அந்தத் தேதியிலதான் லாரி வரும். விடிஞ்சதும் ரெண்டு மெசேஜ் இருக்கும், ஒண்ணு வேலைக்கு, ஒண்ணு கூட்டத்துக்கு. ரெண்டும் ஒரே நேரம். நான் கூட்டத்துல உக்காந்தா ஜோடி வரலன்னு ஆகும், அண்ணியைக் கேட்டுல திருப்பி அனுப்புவாங்க. நான் ரோலருக்குப் போனா தனி ஆளுங்களுக்காகப் பேச நாதியில்ல. மத்த கமிட்டிக்காரங்கல்லாம் வாஷிங், டிரைவர், ஸ்டோர்னு தனித்தனி வேலை. ஜோடியோட இருக்கறவ நான் ஒருத்திதான். செயலாளர் தேதியை மாத்தச் சொல்லிக் கேட்டாரு. "சட்டுன்னு மாத்த முடியல, மன்னிச்சுக்கங்க"ன்னு டீ வரவழைச்சாரு மேனேஜர். நான் கூட்டத்துக்குத்தான் போனேன். எத்தனை பேர் வயிறு அதுல இருந்துச்சு! அண்ணி வெயில்ல திரும்பி வந்து, புடவையை மாத்திட்டு, சமையலைப் பாப்பாங்க.

வீட்டுல பால் நின்னுச்சு. அண்ணன் கண்டதுக்கெல்லாம் பசங்களைக் கத்த ஆரம்பிச்சாரு. சின்னவனுக்குப் பள்ளிக்கூடச் செருப்பு பிஞ்சு போய் கம்பி வெச்சுக் கட்டிக் கொடுத்தேன். எங்க ரெண்டு பேருக்கும் மெசேஜ் வர்றதே அபூர்வமாச்சு. வந்தா அது கூட்டத்து அன்னிக்கா இருக்கும். "கொஞ்சம் பொறுங்க அண்ணி, இந்தத் தடவை விடறதா இல்ல, நாளைக்குள்ள முடிச்சுடுவேன்"ன்னேன். அண்ணி அரிசியில கல் பொறுக்கிட்டே தலையாட்டினாங்க.

மறுநாள் காலையில, கூட்டத்துக்கு முன்னாடி, நான் சங்க ஆபீஸ்ல இருந்தேன். போன் வந்துச்சு, எங்க செக்‌ஷன் பொண்ணு ஒருத்தி, வாயைக் கையால மூடிக்கிட்டுப் பேசறா. "மைக்கக்கா, உங்க அண்ணி ரோலர்ல நிக்கறாங்க. எக்ஸ்பிரஸ் கூட நிக்க வெச்சிருக்காங்க."

எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறிடுச்சு. பிரிச்சுட்டானா? கை கொடுத்துட்டு, சிரிச்சுட்டு, கடைசியில என் ஜோடியவே பிரிச்சுட்டானா? எப்படி அவ்வளவு தூரம் ஓடினேன்னு தெரியாது. கேட்டுல காவல்காரன் ஏதோ சொன்னான், நான் நிக்கல. நேரா செக்‌ஷனுக்குள்ள போய் நடுவுல நின்னேன்.

"நிறுத்துங்கடி எல்லாத்தையும்!"

என் வாழ்க்கையில நான் அப்படிக் கத்தினதில்ல. "ஒப்பந்தத்தை மீறிட்டாங்க! ஜோடியைப் பிரிச்சுட்டாங்க! இன்னிக்கு என் ஜோடி, நாளைக்கு உங்க ஜோடி! இதை விட்டா உங்க விரலுக்கு யார் பொறுப்பு?"

பொம்பளைங்க நிறுத்தினாங்க. அதைச் சொல்லியே ஆகணும். ஒவ்வொருத்தியும் எத்தனை நாள் கழிச்சுக் கிடைச்ச வேலைக்கு வந்திருந்தா! இருந்தும் கையில இருந்த துணியைப் போட்டுட்டு நகந்து வந்து என் பின்னாடி நின்னாங்க. கடைசி ரோலர்ல மாட்டின பெட்ஷீட் தீயற நாத்தம் வந்துச்சு, சூப்பர்வைசர் ஓடிப்போய் சுவிட்சை அணைச்சான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இத்தனை நடந்தும் எங்களை உடைக்க முடியலியேன்னு நினைச்சேன்.

மேனேஜர் வந்தாரு. அவசரமே இல்ல. "என்னம்மா, என்ன பிரச்சினை?"

"ஜோடியைப் பிரிக்க மாட்டோம்னு கை கொடுத்தீங்களே, எங்க போச்சு அது?"

"யார் பிரிச்சது?"ன்னு கேட்டாரு. கேட்டுட்டு என்னைப் பாக்கல. அண்ணியைப் பாத்தாரு.

அண்ணி மட்டும்தான் இடத்தை விட்டு நகராம நின்னாங்க. ட்ராலி பக்கம். கையில ஈர பெட்ஷீட், தண்ணி சொட்டுச்சு. எல்லாரும் திரும்பினாங்க. அண்ணி என்னைப் பாத்துதான் சொன்னாங்க, தலை குனியல.

"நான்தான் போய்க் கேட்டேன்."

எனக்கு முதல்ல புரியவே இல்ல. "எதை?"ன்னேன். கேனச்சி மாதிரி.

"வேற ஜோடி வேணும்னு நான்தான் கேட்டேன். யாரும் பிரிக்கல."

என் பின்னாடி நின்னவங்க ஒருத்தி ஒருத்தியா ரோலருக்குப் போறது காதுல விழுந்துச்சு. எக்ஸ்பிரஸ் மட்டும் என்னைப் பாத்துட்டு, கண்ணை எடுத்துக்கிட்டா. திட்டியிருந்தாகூட நல்லாயிருந்திருக்கும். சூப்பர்வைசர் சுவிட்சைப் போட்டான். நான் நடுவுலயே நின்னேன், எந்தக் காலை எடுத்து எங்க வைக்கறதுன்னே தெரியல. அண்ணி துணியை உதறத் தூக்கினாங்க.

"தள்ளி நில்லு. கை படும்"ன்னாங்க.

வெளிய வர்றப்போ மேனேஜர் கேட்டு வரைக்கும் கூடவே நடந்து வந்தாரு. "வருத்தப்படாதீங்கம்மா. நீங்க இப்பவும் கம்பெனி ஆள்தான். யாரையும் அனுப்பக் கூடாதுன்னு நீங்கதானே வாங்கிக்கொடுத்தீங்க. புது ஜோடி கிடைச்சதும் சொல்லுங்க"ன்னாரு. கேலியெல்லாம் இல்ல, நிஜமாவே அன்பாத்தான் சொன்னாரு. அந்த மனுஷன் கழுத்தைப் பிடிக்கணும்னு எனக்குக் கை பரபரத்துச்சு.

சாயங்காலம் அண்ணி வந்தாங்க. அண்ணன் எங்க முகத்தைப் பாத்துட்டு, பசங்களைக் கூட்டிட்டு வெளிய போயிட்டாரு. அண்ணி தோளைப் பிடிச்சுக்கிட்டே தரையில உக்காந்தாங்க.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா பேசியே என்னை மாத்திடுவ. உன் வாய்க்கு முன்னாடி நான் என்னிக்கு ஜெயிச்சிருக்கேன்?"

"உங்க தோளுக்காக நான் எவ்வளவு... ஊரே சொல்லியும் உங்களை விட்டேனா?"

"விடல. தெரியும். நீ இல்லன்னா இந்தத் தோள் எப்பவோ போயிருக்கும். இனிமே போகும். போகட்டும். பசங்க சாப்பிடணுமில்ல?"

"நான் யாருக்காக அண்ணி சண்டை போடறேன்?"

"எங்களுக்காகத்தான். இல்லன்னா சொன்னேன்? நீ போற ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான் கேட்டுல நின்னுட்டுத் திரும்பி வரேன். ஒருத்தி சண்டை போடணும்னா இன்னொருத்திக்காவது வேலை இருக்கணும். இல்லன்னா ரெண்டு பேரும் உக்காந்து சுவத்தைப் பாத்துட்டு இருக்க வேண்டியதுதான்."

"அப்போ கமிட்டியை விட்டுடறேன். நாளைக்கே போய் எழுதிக் கொடுத்துடறேன்."

அண்ணி, "விட்டுடுன்னுதான் வாய் வரைக்கும் வருது. விட்டா அந்தத் தனி ஆளுங்களுக்காக யாருடி பேசுவா?"ன்னு சொல்லிட்டு அழுதாங்க. அண்ணி அழுது நான் பாத்ததே இல்ல. எனக்கு அவங்களைக் கட்டிப் பிடிக்கணும்னும் இருந்துச்சு, அறையணும்னும் இருந்துச்சு. ரெண்டையும் செய்யாம எழுந்து போய் உலை வெச்சேன்.

ரெண்டு நாள் யோசிச்சேன். ஜோடி இல்லன்னா மெசேஜ் இல்ல. அண்ணி சம்பளத்துல உக்காந்து தின்ன என்னால முடியாது. அப்போதான் கண்ணாடிக்காரி ஞாபகம் வந்துச்சு. அவளும் தனி. மெதுவாத்தான் செய்வா, செஞ்சா என்ன, நான் சமாளிச்சுக்க மாட்டேனா? அவளுக்காக எத்தனை பேர்கிட்ட சண்டை போட்டிருக்கேன். நான் கேட்டா கண்ணுல ஒத்திக்குவான்னுதான் நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்.

மத்தியானம் அவ வீட்டுக்குப் போனேன். மாடியில ஒத்தை ரூம். ஜன்னல் வெளிச்சத்துல உக்காந்து சட்டைக்குப் பட்டன் தைச்சுட்டு இருந்தா, ஊசி மூக்கைத் தொடற கிட்டத்துல. என்னைப் பாத்ததும் துணியையெல்லாம் ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தா. டீ போட்டா. "நீங்க எக்ஸ்பிரஸைக் கேட்ட கேள்வி இன்னும் எங்க தெருவுல பேசிட்டு இருக்காங்கக்கா"ன்னு சிரிச்சா.

நான் சுத்தி வளைக்கல. "நாம ரெண்டு பேரும் ஜோடி சேருவோம். ட்ராலி பக்கம் நான் நிக்கறேன்"ன்னேன்.

அவ கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. துடைச்சுக்கிட்டே இருந்தா.

"தப்பா எடுத்துக்காதீங்க மைக்கக்கா. நீங்க தெய்வம் எங்களுக்கு. ஆனா உங்க கூட சேந்தா என்னைக் கூப்பிடவே மாட்டாங்க. பேக்கிங்ல ஒரு வயசான அம்மா தனியா இருக்காங்க, அவங்களைக் கேட்டிருக்கேன்."

டீயைக் குடிச்சு முடிச்சேன். எழுந்தப்போ அவ பதறிப்போய் என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"சங்கத் தேர்தல் வந்தா என் ஓட்டு உங்களுக்குத்தான்க்கா. இந்தத் தெருவுல இருக்கற தனி ஆளுங்க எல்லாரோட ஓட்டும் உங்களுக்குத்தான். அடுத்த கூட்டத்துக்கு மட்டும் போகாம இருந்துடாதீங்க."

"போறேன்"ன்னேன்.

"உங்களை விட்டா எங்களுக்கு யாருக்கா இருக்கா?"ன்னு சொல்லிட்டு, நான் படியிறங்கற வரைக்கும் நின்னு பாத்துட்டுக் கதவைச் சாத்தினா.